பயனற்ற மரம் என்பது உண்டா?

ஓர் உயிரை வாழவிடுவதற்கு முன் நாம் கேட்கும் முதற்கேள்வி, "இதனால் நமக்கு என்ன பயன்?" என்பதாகவே பெரும்பாலும் இருக்கின்றது. பசு பால் தருகின்றது, ஆதலின் காக்கப்படுகின்றது. மாமரம் கனி தருகின்றது. ஆதலின் அதற்கு வேலியிடப்படுகின்றது. பாலும் கனியும் தாராதது பயனற்றது எனப்படுகின்றது. அப்பெயர் வந்தபின் அதனை அழிப்பதற்கு வேறு காரணம் எவரும் கேட்பதில்லை. பெயரே தீர்ப்பாகி விடுகின்றது.

இத்தீர்ப்பை வழங்கும் உரிமை நமக்கு உண்டா? உண்டெனில், வழங்கும் அளவிற்கு நாம் அவ்வுயிரை அறிந்திருக்கின்றோமா? இவ்விரு வினாக்களையும் வாசக அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம். பொதுப்படப் பேசினால் அறம் எளிதாகத் தோன்றும். குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட உயிர்களின் முன் நிற்கும்போதுதான் அதன் கடினம் விளங்கும். ஆதலின் நம் கண்ணுக்கு எட்டாத ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கு அங்கே ஆதாயமும் இல்லை, பகையும் இல்லை. நடுநிலையோடு ஆராய்வதற்கு அதுவே ஏற்றதாகும்.

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில், யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூமெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்கள் கூடும் இடத்தைச் சூழ்ந்து கொலராடோ பீடபூமி விரிந்து கிடக்கின்றது. அதன் மேற்கே நெவாடா மாநிலத்தின் மலைத்தொடர்கள் வரிசையாக நிற்கின்றன. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் முதல் 2,300 மீட்டர் வரை உயர்ந்த, பாறை மிகுந்த மேட்டுநிலங்கள் அவை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 250 முதல் 500 மில்லிமீட்டர் அளவே. கோடையில் பாறை கொதிக்கும். குளிர்காலத்தில் மண் உறையும். அந்நிலத்தில் இரண்டு வகை ஊசியிலைக் குறுமரங்கள் கலந்து வளர்கின்றன. ஒன்று பின்யோன் பைன், மற்றொன்று ஜூனிப்பர். ஆள் உயரத்திற்குச் சற்று மேலும் கீழுமாய்ப் பல இடங்களில் புதர்போலவே நிற்கும் இவை, நல்ல மண்ணிலும் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டுவது அரிது. அந்நாட்டினர் இதனைக் 'குள்ளக் காடு' என்றே அழைத்தனர். வீடு கட்டும் பலகைக்கு நேரான நீண்ட தண்டு வேண்டும். இவற்றின் தண்டோ முறுக்கி வளைந்தது. ஆகவே மர வணிகரின் கணக்கில் இவை பயனற்றவை. மந்தை வளர்ப்போரின் கணக்கில் புல்லுக்குரிய இடத்தை அடைத்து நிற்பவை.

இனி, அம்மரங்கள் எவ்வாறு வாழ்கின்றன என்பதைப் பார்ப்போம்.

வறட்சியை எதிர்கொள்ளும் முறையில் இவ்விரண்டும் எதிரெதிரானவை. மண்ணில் ஈரம் குறையத் தொடங்கியவுடன் பின்யோன் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றது. நீர் வெளியேறுவதில்லை, அதே வேளையில் உணவு ஆக்குவதற்கு வேண்டிய காற்றும் உட்புகுவதில்லை. இருந்த சேமிப்பை உண்டு, மழை வரும் வரை காத்திருக்கின்றது. ஜூனிப்பரோ துளைகளை எளிதில் மூடுவதில்லை. அதன் இலைகள் செதில்களாய்ச் சுருங்கித் தண்டோடு ஒட்டியவை. நீர் ஏறும் குழாய்கள் கடும் வறட்சியிலும் எளிதில் முறிவதில்லை. பாறை இடுக்குகளின் வழியே ஆழ்ந்து இறங்கிய வேர்களால் எஞ்சிய ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றது. அதுவும் போதாதபோது ஒரு கிளைக்குச் செல்லும் நீரை நிறுத்தி, அக்கிளையைச் சாகவிட்டு, மற்றைய பகுதியை வாழவைக்கின்றது. பாதி வெண்கட்டையாகவும் பாதி பசுமையாகவும் நிற்கும் முதிய ஜூனிப்பர்களை அங்கே காணலாம். அவற்றுள் பலவற்றின் வயது நூற்றாண்டுகளால் எண்ணப்படுவது.

மரங்களுக்கிடையே வெறும் மண்ணாகத் தோன்றுவதும் வெறும் மண் அன்று. நீலப்பச்சைப் பாசிகளும் லைக்கன்களும் பாசங்களும் சேர்ந்து கருமையான, கரடுமுரடான ஓர் உயிர்ப்படலத்தை மண்மேல் நெய்துள்ளன. அப்படலம் மண்ணைக் காற்றிலும் மழையிலும் கரையாது பிணைத்து வைக்கின்றது. காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்து மண்ணுக்கு உரமாக்குகின்றது. ஈரமற்ற நாளில் ஒரு மனிதனின் ஒரு காலடி போதும், அது நொறுங்கிப்போகும். மீண்டும் முழுமையாக உருவாவதற்குப் பல பதின்ம ஆண்டுகள் ஆகலாம். சில இடங்களில் நூற்றாண்டும் கடக்கலாம். இதனால்தான் அங்குள்ள தேசியப் பூங்காக்களில் வழியை விட்டு விலகி நடக்க வேண்டாமென வருகையாளரை வேண்டுகின்றனர்.

பின்யோனின் விதைக்குச் சிறகு இல்லை. காற்று அதனைக் கொண்டுசெல்லாது. ஒரு கூம்புக்காய் முற்றுவதற்கு இரண்டு ஆண்டிற்கு மேல் ஆகின்றது. மிகுந்த விளைச்சலோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். அவ்விதையைச் சுமந்து செல்பவை பறவைகள். பின்யோன் ஜே என்னும் நீலநிறப் பறவைகள் பெருங்கூட்டமாய் வந்து, தொண்டையில் பல விதைகளை அடக்கிக்கொண்டு, மைல்கணக்கில் பறந்து சென்று, மண்ணில் புதைத்து வைக்கின்றன. நட்கிராக்கர் என்னும் மற்றொரு பறவைக்கு நாவின் அடியில் பையொன்று உண்டு. அதில் ஏறத்தாழ 90 விதைகள் வரை அடங்கும். குளிர்காலத்தில் பனிக்கு அடியிலும் தாம் புதைத்த இடங்களை நினைவில் வைத்து இவை தோண்டி எடுக்கின்றன. எடுக்காமல் விட்டவை முளைக்கின்றன. முளைத்த இளஞ்செடி திறந்த வெயிலில் பிழைப்பது அரிது; ஒரு புதரின் நிழலிலோ முதிய ஜூனிப்பரின் நிழலிலோ வளர்ந்துதான் தலையெடுக்கின்றது. பறவை இல்லையேல் மரம் இல்லை. மரம் இல்லையேல் பறவைக்குக் குளிர்கால உணவு இல்லை.

இன்னும் ஒன்று. ஜூனிப்பரின்மேல் ஒரு வகைப் புல்லுருவி வளர்கின்றது. பிறர் உழைப்பை உறிஞ்சி வாழ்பவனைப் 'புல்லுருவி' என்று இகழ்வது நம் வழக்கம். அம்மரத்தின் நீரையும் சத்தையும் அது எடுத்துக்கொள்வது உண்மையே. ஆயினும் அரிசோனா மாநிலத்தில் ஆராய்ந்தோர் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி சிந்தனைக்குரியது. ஜூனிப்பர் எல்லா ஆண்டும் நிறையக் காய்ப்பதில்லை. புல்லுருவியோ ஆண்டுதோறும் தவறாது பழுக்கின்றது. அப்பழத்தை நாடி வரும் சாலிட்டேர் என்னும் பறவையே ஜூனிப்பரின் விதையையும் பரப்புவது. புல்லுருவி மிகுந்த காட்டில் அப்பறவைகளும் மிகுந்திருந்தன. ஜூனிப்பர் கன்றுகளும் இரு மடங்கிற்கு மேல் இருந்தன. ஒரு மரத்திற்குச் சுமையாக இருந்தது, காட்டிற்குத் துணையாக இருந்திருக்கின்றது. ஒரே பொருள் ஒரு நோக்கில் தீங்காகவும் மற்றொரு நோக்கில் நன்மையாகவும் நிற்பதை, பன்முகப் பார்வையை அறிந்த நம்மனோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாம் ஒரு முகத்தைக் கண்டு பெயரிட்டுவிட்டோம் என்பதே இங்கு உணரத்தக்கது.

மனிதர்க்கும் இக்காடு பயனற்றதாக என்றும் இருந்ததில்லை. ஷோஷோன், பையூட், வாஷோ முதலிய அந்நிலத்துப் பழங்குடியினர் இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு மலையேறிப் பின்யோன் கொட்டைகளைத் திரட்டி, குளிர்காலம் முழுமைக்கும் உணவாக வைத்துக்கொண்டனர். ஹோப்பி, நவஹோ, சூனி மக்களுக்கும் அது பழமையான உணவு. 'பயனற்றது' என்றவர்கள் பின்னர் வந்தவர்கள்.

வந்தவர்கள் செய்தது என்ன? நெவாடாவில் யுரேகா என்னும் ஊரில் வெள்ளியும் ஈயமும் கலந்த தாது கிடைத்தது. அதனை உருக்கும் உலைகளுக்குக் கரி வேண்டியிருந்தது. 1870-களில் சுற்றியிருந்த மலைகளின் பின்யோனும் ஜூனிப்பரும் பல மைல் தொலைவிற்கு வெட்டிக் கரியாக்கப்பெற்றன. 1879-இல் கரியின் விலை குறித்து எழுந்த பூசலில் கரி சுடும் தொழிலாளர் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். மரத்தைப் பயன்பொருளாக மட்டும் எண்ணிய அதே கணக்கு, மனிதனையும் அவ்வாறே எண்ணுவதற்கு நெடுங்காலம் எடுத்துக்கொள்ளவில்லை.

உலைகள் அவிந்தன. வெட்டப்பட்ட மலைகளில் மரங்கள் மெல்ல மீண்டு வந்தன. வேறு இடங்களில், மந்தைகள் புல்லை மேய்ந்து தீர்த்ததனாலும், இயற்கைத் தீயை மனிதர் அணைத்து வந்ததனாலும், முன்பு மரம் இல்லாத புதர்வெளிகளிலும் அவை பரவின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவை அனைத்திற்கும் ஒரே பெயர் இடப்பட்டது: 'படையெடுக்கும் மரங்கள்'. தன் இடத்திற்குத் திரும்பி வந்ததும், புதிதாய்ப் பரவியதும், என்றுமே அங்கு இருந்ததும் அப்பெயருள் ஒன்றாகிவிட்டன.

பெயர் வந்தது, தீர்ப்பும் வந்தது. இரண்டு புல்டோசர்களுக்கிடையே கப்பலின் நங்கூரச் சங்கிலியைக் கட்டினர். அதன் ஒரு வளையத்தையே ஒருவன் தனியாகத் தூக்குவது எளிதன்று. இருபுறமும் வண்டிகள் இணையாக நகர, நடுவில் நின்ற மரம் யாவும் வேரோடு பெயர்ந்து விழுந்தன. 1950, 1960-களில் இவ்வாறு பல லட்சம் ஏக்கர் காடு சாய்க்கப்பட்டது. அவ்விடத்தில் கால்நடைக்கென வேற்றுநிலத்துப் புல் விதைக்கப்பட்டது. மாடுகளுக்குத் தீனி பெருகும் என்றனர். மரம் குடிக்கும் நீர் ஓடைக்குச் சேரும் என்றும் கூறினர்.

இங்கே நாம் நியாயமாக இருத்தல் வேண்டும். அச்சங்கிலியை இழுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். மந்தையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கு இருந்தன. அரிக்கும் மண்ணைப் புல்லால் காக்கலாம் என்று நம்பிய அலுவலர்களும் இருந்தனர். ஒரு நோக்கத்தோடுதான் செய்தனர். அந்நோக்கம் நிறைவேறியதா என்பதே வினா.

அரிசோனாவில் பீவர் கிரீக் என்னும் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல்லாண்டுகள் ஓடைநீரை அளந்து பார்த்தனர். மரங்களை இழுத்துச் சாய்த்த பகுதியில் ஓடைநீர் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. பெய்யும் சிறுமழை மரம் குடித்தாலும் குடியாவிட்டாலும் வெயிலில் ஆவியாகிவிடும் நிலம் அது. புல்லோ, சில ஆண்டுகள் பெருகியது உண்மை. ஆனால் பல இடங்களில் இளமரங்கள் மீண்டும் முளைத்தன. கலைக்கப்பட்ட மண்ணில், யூரேசியாவிலிருந்து வந்த சீட் கிராஸ் என்னும் ஓராண்டுப் புல் புகுந்தது. அது கோடையின் தொடக்கத்திலேயே காய்ந்து சருகாகி, முன்பு நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை தீ கண்ட நிலத்தில் அடிக்கடி தீயை மூட்டுகின்றது. சங்கிலியின் கீழ் நொறுங்கிய உயிர்ப்படலத்தை எவரும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இல்லறத்தார்க்கு நம் ஆன்றோர் வகுத்த நெறி இவ்விடத்தில் நினைவிற்கு வருகின்றது. ஓரறிவுயிர்க்கும் ஊறு நேராமல் வாழ்தல் துறவிக்கும் அரிது, இல்லறத்தானுக்கு இயலாது. உழவும் உணவும் உறைவிடமும் அவ்வூறின்றி அமைவதில்லை. இதனை அறிந்தே, அவனுக்கு அனர்த்ததண்ட விரதம் என்னும் குணவிரதம் விதிக்கப்பட்டது. பயனின்றி நிலத்தை அகழ்தல், பயனின்றி நீரைச் சிதறல், பயனின்றிச் செடிகொடிகளை அறுத்தல் முதலியவற்றை விலக்குதலே அது. "எனக்கு ஒரு நோக்கம் இருந்தது, ஆதலின் நான் செய்தது அனர்த்தம் அன்று" என்று ஒருவன் கூறலாம். ஆனால் அந்நோக்கம் நிறைவேறுமா என்று ஆராயாமல் செய்த செயல், நோக்கம் இல்லாத செயலினும் எவ்வகையில் மேம்பட்டது? விரும்பியதும் கிட்டவில்லை, உயிர்களும் அழிந்தன எனில், இடையில் நின்ற நோக்கம் செய்தவனுக்கு ஆறுதலாகுமே அன்றி, அழிந்த உயிர்க்கு யாதும் ஆகாது. பயன் கருதிச் செய்வோர்க்குப் பயனை ஆராயும் கடமையும் உண்டு. ஆராயாமை கவனமின்மை, கவனமின்மையே இம்சையின் வாயில்.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். மரம் வெட்டியவர் தவறினர், மரம் காத்தவர் வென்றனர் என்று மகிழ்ந்திருக்கலாம். உண்மை அவ்வளவு எளியது அன்று.

அப்பகுதியின் புதர்வெளிகளில் சேஜ் குரௌஸ் என்னும் தரைவாழ் பறவை உள்ளது. உயர்ந்து நிற்கும் எதனையும் அது அஞ்சும். மரத்தில் வல்லூறு அமரும் என்பதனால் ஆகலாம். ஓரிகன் மாநிலத்தில் 2013-இல் வெளியான ஆய்வொன்றில், நிலப்பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்கிற்கு மேல் ஊசியிலை மரங்கள் கவிந்த இடங்களில் அப்பறவைகள் கூடி ஆடும் களங்கள் ஒன்றும் எஞ்சவில்லை எனக் கண்டனர். அவ்வினமோ அருகி வருகின்றது. அதனைக் காக்க ஜூனிப்பரை வெட்டவேண்டும் என்கின்றனர். மறுபுறம் பின்யோன் ஜே பறவைகளும் 1960-களின் பிற்பகுதியிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு அளவிற்குக் குறைந்துவிட்டன. அதனைக் காக்க மரம் நிற்கவேண்டும் என்கின்றனர். இரண்டும் உயிர்; இரண்டும் பறவை. ஒன்றற்காக வெட்டினால் மற்றொன்று வாடும். இங்கே 'கொல்லாதே' என்ற ஒரு சொல்லை மட்டும் கூறி நாம் ஒதுங்கிவிட இயலுமா? வெட்டாமல் நிற்பதும் ஒரு பறவையின்மேல் வந்து விழுகின்றது அன்றோ?

இதற்கு எவரிடமும் முழு விடை இருப்பதாக நாம் எண்ணவில்லை. ஆயினும் வழிகாட்டும் வேறுபாடு ஒன்று உண்டு. பாறைமேட்டில், ஆழமற்ற மண்ணில், நூற்றாண்டுகளாகத் தீயும் தீண்டாது நின்ற முதுகாடு வேறு. அண்மைக் காலத்தில் நம் மந்தைகளாலும் நம் தீயணைப்பாலும் புதர்வெளிக்குள் இறங்கிய இளமரங்கள் வேறு. அந்நாட்டு ஆய்வாளர்கள் இன்று இவ்விரண்டையும் பிரித்தே பேசுகின்றனர். முன்னது அவ்விடத்திற்கு உரியது. அதனைத் தொடாதிருப்பதே முறை. பின்னதில் நம் கை முன்பே பட்டிருக்கின்றது; அங்கு ஒன்றும் செய்யாதிருப்பது தூய்மை ஆகாது. செய்ய நேரின், ஒவ்வொரு மரமாகப் பார்த்துக் கைவாளால் செய்வதற்கும் கண்மூடிச் சங்கிலியை இழுப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. முன்னதில் முதியதை விடலாம், கூடுள்ளதை விடலாம், தவறு கண்டால் நிறுத்தலாம். சங்கிலியால் எதனையும் விட இயலாது. ஊறு தவிர்க்க இயலாத இடத்திலும், நிறுத்த இயலும் முறையைத் தேர்தல் அறத்தின் பாற்பட்டதே. நன்மை உண்டென மெய்ப்பிக்கும் பொறுப்பும் அழிக்கப் புகுபவனைச் சேர்ந்தது. "என்னை ஏன் விடவேண்டும்?" என்று வாதிட மரத்திற்கு வாய் இல்லை.

இவை எங்கோ நிகழ்ந்தவை, நமக்கென்ன என்று வாசகர் கேட்கக்கூடும். இரண்டு செய்திகளைக் கூறி விடைபெறுவோம்.

2002, 2003-ஆம் ஆண்டுகளில் அப்பீடபூமியில் கடும் வறட்சி நேர்ந்தது. 1950-களிலும் அங்கு வறட்சி வந்ததுண்டு. பின்னதில் வெப்பமும் மிகுந்திருந்தது. இலைத்துளைகளை மூடிக் காத்திருந்த பின்யோன்கள் சோர்ந்தன. சோர்ந்தவற்றைப் பட்டைவண்டுகள் துளைத்தன. நியூமெக்சிகோவில் ஆய்வு நடந்த ஓரிடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பின்யோனுக்கு மேல் மாண்டன. அங்கே எவரும் சங்கிலி இழுக்கவில்லை. உலகம் முழுவதும் எரிக்கப்படும் நிலக்கரியும் எண்ணெயும் ஏற்றிய வெப்பத்தில் நம் வீட்டு விளக்கிற்கும் நம் வண்டிக்கும் உரிய சிறு பங்கு உண்டு.

மற்றொன்று நம் நாட்டிலேயே உள்ளது. இமாசலப் பிரதேசத்தின் கின்னோர் மாவட்டத்தில், மழைக்காற்று எட்டாத வறண்ட மலைச்சரிவுகளில், பின்யோனுக்கு உறவான ஒரு பைன் மரம் வளர்கின்றது. அதன் விதையே உலர்பழக் கடைகளில் விலையுயர்ந்து விற்கும் சில்கோசா. மலைவாழ் மக்களுக்கு அது நல்வருவாய். அவ்வருவாயை நாம் பழிக்கவில்லை. ஆனால் கூம்புக்காய்கள் ஏறத்தாழ முழுவதும் பறிக்கப்படுவதால், கிளைகளும் உடன் ஒடிக்கப்படுவதால், பல சரிவுகளில் இளங்கன்றைக் காண்பதே அரிதாகிவிட்டது. முதுமரங்கள் நிற்கின்றன, அவற்றின் பின் வருவோர் இல்லை. இம்மரத்தைப் பயனற்றது என்று எவரும் கூறவில்லை. பயனுள்ளது என்றே கொண்டாடுகின்றனர். கொண்டாட்டத்தின் முடிவும் அதுவே ஆயிற்று.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கின்றது. பயனற்றது என்ற பெயரும் கொல்லும். பயனுள்ளது என்ற பெயரும் கொல்லும். இரண்டிலும் அவ்வுயிர் நம்மைச் சுற்றியே எண்ணப்படுகின்றது. 'தாவரம்' என்னும் சொல்லின் பொருளே நிலைத்து நிற்பது என்பதாகும். ஓட இயலாதது, ஒளிய இயலாதது. தீங்கு வரும்போது அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகையால் விலகிச் செல்லும் கடமை, நடக்கும் கால்களை உடைய நம்மைச் சேர்ந்ததாகின்றது.

இனி ஒரு செடியையோ மரத்தையோ அகற்ற நம் கை நீளும்போது, மூன்று வினாக்களை நம்மையே கேட்டுக்கொள்வோம். இதனை நாம் அறிந்திருக்கின்றோமா? நாம் விரும்பும் பயன் மெய்யாகவே கிட்டுமா? தவறென்று தெரிந்தால் பாதியில் நிறுத்த இயலுமா? மூன்றிற்கும் விடை கிடைக்கும் வரை கையை மடக்கிக்கொள்வோமாக.